22-ஆம் நம்பர் முள்

மிச்சிகன் மாநிலத்தில் கிரேலிங் என்று ஓர் ஊர். அங்கே ஆற்றில் துள்ளிய ஒரு மீனின் பெயரையே ஊருக்கு வைத்தார்கள். பிறகு காட்டை வெட்டினார்கள், வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டார்கள், மீனை வண்டி வண்டியாக அள்ளினார்கள். 1930-களோடு அந்த மாநிலத்தில் கிரேலிங் மீன் பூண்டற்றுப் போனது. ஊர் மட்டும் பெயரோடு இருக்கிறது. பக்கத்தில் ஓடும் ஓ சேபிள் ஆற்றில் இப்போது இருப்பது வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட டிரவுட் மீன்கள். என்னைப் போலவே குடியேறியவை. ஆனால் விசா கவலை இல்லாதவை.

அந்த டிரவுட்டுக்காகத்தான் குளிர்காலம் முழுக்க, வெளியே பனி கொட்டக் கொட்ட, நான் சாப்பாட்டு மேஜை விளிம்பில் ஒரு சின்ன வைஸை முடுக்கி வைத்துக்கொண்டு, தூண்டில் முள்ளில் இறகு கட்டிப் பூச்சி செய்துகொண்டிருக்கிறேன்.

அந்த ஆற்றில் ஏறக்குறைய எட்டு மைல் நீளத்துக்கு 'ஹோலி வாட்டர்ஸ்' என்றே பெயர். தீர்த்தம் என்றால் நியமமும் இருக்குமல்லவா? புழு கூடாது, செயற்கைப் பூச்சி மட்டும்தான். பிடித்த மீனை அங்கேயே திரும்ப விட்டுவிட வேண்டும். இதனால் அந்த மீன்கள் பல தடவை பிடிபட்டு, உதட்டில் குத்துப்பட்டு, படித்துத் தேறிவிட்டன. கொஞ்சம் பருமனான பூச்சியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆகவே சின்னதாகக் கட்டு, அதைவிடச் சின்னதாகக் கட்டு என்று மனிதர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

முள்ளின் நம்பர் ஏற ஏற உருவம் சிறுக்கும். 12-ஆம் நம்பர் வெறுங்கண்ணுக்குத் தெரியும். 18-க்குக் கண்ணாடி தேடுவோம். 22-இன் தண்டு ஏறக்குறைய நாலு மில்லிமீட்டர். 32 வரை தயாரித்திருக்கிறார்கள். அதை வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், பேச்சுக் கொடுத்ததில்லை.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் கார் தொழிற்சாலையில் கருவிகள் செய்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். தூண்டில் கடையின் பின்னறையில் வகுப்பு. முதல் பாடம் 'ஆடம்ஸ்'. 1922-இல் இதே மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே என்பவர் கட்டிய பூச்சி. ஆடம்ஸ் என்ற வக்கீல் நண்பரின் பெயரை அதற்குச் சூட்டினார். வக்கீல் பெயரை முள்ளுக்கு வைத்ததில் உள்குத்து எதுவும் இல்லை என்று நம்ப நான் தயாரில்லை.

ஆடம்ஸின் உடம்பு சாம்பல்நிற ரோமம். அதை நூலில் வைத்துத் திரிக்க வேண்டும். நான் ஒரு சிட்டிகை எடுத்தேன். பெரியவர் அதில் பாதியைப் பிய்த்துக் கீழே போட்டார். மிச்சத்தைத் திரிக்கப் போனேன். அதிலும் பாதி போயிற்று. விரலில் எஞ்சியதை இருக்கிறது என்று சத்தியம் செய்யலாம், காட்ட முடியாது. "இப்போ சரி" என்றார். பந்தியில் போதும் என்று இலைக்குக் குறுக்கே கையை நீட்டினால் அந்தக் கைமேலேயே ஒரு கரண்டி ரசம் ஊற்றும் ஊரிலிருந்து வந்தவன் நான். போதும் என்றால் நிஜமாகவே நிறுத்துகிற மனிதரை அன்றுதான் பார்த்தேன்.

நூல் விஷயத்தில் அவர் இன்னும் கண்டிப்பு. பாபினிலிருந்து இறங்கும் நூலை முள்ளில் சுற்றச் சுற்ற அதில் முறுக்கு ஏறும். முறுக்கேறிய நூல் உருண்டுகொள்ளும், மேடு கட்டும். நாலு மில்லிமீட்டர் நிலத்தில் மேடு விழுந்தால் அப்புறம் பூச்சிக்கு ஏது இடம்? ஆகவே அடிக்கடி பாபினைத் தொங்கவிட்டு, இடஞ்சுழியாக ஒரு சுழற்று. முறுக்கு அவிழ்ந்து நூல் தட்டையாகப் படியும், ஒன்றன்மேல் ஒன்று ஏறினாலும் பருமன் காட்டாது. இழுப்பு இறுக்கமாக இருந்தால் இரண்டு சுற்றே பிடிக்கும். மூன்றாவது சுற்று தைரியத்துக்கு, நாலாவது பயத்துக்கு என்பது அவர் கணக்கு. இங்கிலாந்தில் ஃபிராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் இன்னும் ஒரு படி மேலே போனார். கோழியின வால் இறகை மெல்லிய செப்புக் கம்பியாலேயே கட்டி, நூலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கம்பியின் கனத்தில் பூச்சி தானாக நீருக்குள் இறங்கும்.

நான் அதிகம் கட்டுவது 'கிரிஃபித்ஸ் நாட்'. ஓ சேபிள் கரையில் ஜார்ஜ் கிரிஃபித்தின் வீட்டில்தான் 1959-இல் 'டிரவுட் அன்லிமிடெட்' என்ற ஆற்றுப் பாதுகாப்பு அமைப்பு தொடங்கியது. பூச்சியும் அவர் பெயரில்தான். மயில்தோகை இழை ஒன்று, கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட சேவல் இறகு ஒன்று. அவ்வளவுதான் சாமான். கொசுவுக்குத் தூரத்து உறவான, ஆனால் கடிக்காத மிட்ஜ் பூச்சிகள் நீர்மேல் கும்பலாக மிதப்பதாக மீன் நினைத்துக்கொள்ளும்.

மயில்தோகை இழையின் நுனி சுலபமாக ஒடியும். அதை முதலிலேயே கிள்ளிவிட்டு, மிச்சத்தை நூலோடு சேர்த்து முறுக்கிச் சுற்றினால் மீனின் பல்லுக்குத் தாங்கும். நான் கிள்ளிக்கொண்டிருந்தபோது, தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த அத்தை கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "மாப்பிள்ளே, திருச்செந்தூர்க்காரன் வண்டியில ஸ்பேர் பார்ட்ஸ் கழட்டுறீங்களே, கேக்க மாட்டானா?" என்றார்.

சேவல் இறகில்தான் சூட்சுமம் இருக்கிறது. அதன் மயிர் நீளம், முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருக்க வேண்டும். 22-ஆம் நம்பருக்கு அவ்வளவு குட்டை மயிர் உள்ள இறகு வீட்டுச் சேவலிடம் கிடைப்பது அரிது. இதற்கென்றே கொலராடோவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சேவல் வளர்க்கிறார்கள். 2011-இல் அமெரிக்கப் பெண்களுக்கு மயிர் குட்டையான இந்த நீள இறகைக் கூந்தலில் ஒட்டிக்கொள்ளும் மோகம் வந்தது. அழகு நிலையக்காரர்கள் தூண்டில் கடைகளுக்குள் புகுந்து இருந்ததையெல்லாம் அள்ளிப் போனார்கள், விலை எகிறியது. பெரியவர் அந்த வருஷத்தைப் பற்றி இன்றும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசுவார்.

இறகின் அடி மயிரைச் சீவிவிட்டு, வெறும் நரம்பைக் கட்டி, இடைவெளி விட்டு நாலைந்து சுற்றாக முன்னே கொண்டுவர வேண்டும். அந்த நேரத்தில் மூச்சை வெளியே விடக் கூடாது. வீட்டில் ஹீட்டர் ஓடத் தொடங்கினாலும் இறகு பறந்துவிடும் என்று நான் அதை அணைக்கப் போக, "ஏங்க, மீன் பொழைக்கணும்னு நாங்க விறைச்சுச் சாகணுமா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கடைசி வேலை முடிச்சு. விப் ஃபினிஷ் என்கிற அந்த முடிச்சைப் போடும்போது பசையைத் தலைமேல் சொட்டக் கூடாது. நூலில் ஒரு துளி தடவி, அந்த நூலாலேயே மூன்று சுற்றில் முடிச்சைப் போட்டுவிட வேண்டும். முள்ளின் காதில் பசை ஏறினால் போச்சு. ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில், விறைத்த விரலோடு, 0.1 மில்லிமீட்டர் தூண்டில் நரம்பை அடைத்த காதில் கோக்கும் மனிதன் வாயிலிருந்து வருபவை ஹோலி வாட்டர்ஸுக்குப் பொருந்தாத சொற்கள்.

இவ்வளவு நேர்த்தியும் மீனுக்கா என்றால், சந்தேகம்தான். சின்ன உருவம், ஒல்லி உடம்பு இரண்டையும் மீன் பார்க்கிறது. தலை பளபளவென்று இருக்கிறதா என்பது பெட்டியைத் திறந்து பார்க்கும் சக தூண்டில்காரருக்கு. நாலு மீன் கடித்து இறகு பிய்ந்த பூச்சிக்குத்தான் ஐந்தாவது மீன் ஓடி வரும் என்று ஆற்றங்கரையில் எல்லோரும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து, இன்னும் நேர்த்தியாகக் கட்டுவார்கள்.

அத்தைக்கு இந்தப் பெரிய மீன்கள் ஏன் இத்தனை சின்னப் பூச்சியைத்தான் தின்னும் என்று புரியவில்லை. பிடிபட்டுப் பிடிபட்டுத் தெளிந்துவிட்டன, திரும்ப விடுகிறோமே, அதனால்தான் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு, உரித்துக்கொண்டிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"முதல் தடவையே குழம்பு வச்சிருந்தா அதுக்கு இவ்வளவு படிப்பு ஏறியிருக்குமா, மாப்பிள்ளே?"