ஒரு கையில் மான், மறுகையில் மழு

நிலம் இருக்கிறது, சேற்றில் கால் வைக்க மட்டும் மனசில்லை. இப்படிப்பட்டவர்களுக்காகவே சவுக்கு என்று ஒரு மரம் இருக்கிறது. நட்டு, முதல் ஒன்றிரண்டு கோடைக்குத் தண்ணீர் காட்டிவிட்டால் போதும். அப்புறம் நாலைந்து வருஷம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க வேண்டாம். வெட்டும்போது போய் நின்று பணத்தை எண்ணிக்கொண்டு வரலாம். காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு, உத்திரமேரூர்ப் பக்கம் அப்பா வாங்கிப்போட்ட மேட்டு நிலத்துக்கு வாரிசான நான் வேறு எதை நடுவேன்? விண்ணப்பங்களில் ‘விவசாயி’ என்று எழுதிக்கொள்ள அந்தத் தோப்பே போதுமானதாக இருந்தது.

மான் விஷயத்தைச் சொன்னவர் பக்கத்து நிலத்துப் பெரியவர். சுற்றுவட்டாரத்தில் குன்றுகளும் சின்னச் சின்னக் காப்புக்காடுகளும் உண்டு. அங்கிருந்து வரும் புள்ளிமான்கள் பகலெல்லாம் என் சவுக்கு நிழலில் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் அவருடைய மல்லாட்டைக் கொல்லையில் இறங்குகின்றனவாம். “ஒங்க ஊட்ல படுக்குது தம்பி, எங்க ஊட்ல துன்னுது” என்றார். அவர் முறையிட்டார், நான் பெருமைப்பட்டேன். வேலிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல், ஊருக்குத் திரும்பி, “நம்ம நிலத்துல மான் இருக்கு” என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மானைப் பற்றி எனக்குத் தெரிந்தது சேலை அளவுக்குத்தான். எங்கள் வீட்டில் தறி ஓடிய காலத்தில் முந்தானைக்கு ஒரு மான் ஜோடி வரைந்து கொடுத்தேன். ஆணுக்கும் பெண்ணுக்கும் கிளைகிளையாகக் கொம்பு. ஜக்கார்டு அட்டை குத்தி முடித்து, சேலையும் பாதி இறங்கிய பிறகுதான் அப்பா அதைப் பார்த்தார். புள்ளிமானில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். சேலை விற்றுவிட்டது. கட்டிக்கொண்ட கல்யாணப் பெண்ணும் கவனித்திருக்க மாட்டாள்.

தோப்பு வெட்டும் பருவத்துக்கு வந்தபோது, அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கும் சித்தப்பா மகனிடம் பேச்சுவாக்கில் கவலைப்பட்டேன்: மரம் போனால் மான் போய்விடுமே. அவன் சிரித்தான். அங்கே நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம். ஆரஞ்சு நிறச் சட்டை மாட்டிக்கொண்டு இவனும் போகிறவன். “அண்ணா, வெட்டினாத்தான் மானே வரும்” என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அடர்ந்த காட்டில் வெயில் தரையைத் தொடாது. தழையெல்லாம் உச்சியில், மானின் வாய்க்கு எட்டாத உயரத்தில். மரத்தை வெட்டினால் வெளிச்சம் இறங்கும், புல்லும் புதரும் கிளம்பும். அங்குள்ள ஆஸ்பென் மரம் வேரிலிருந்தே நூற்றுக்கணக்கில் துளிர் விடும். அடுத்த சில வருஷம் மானுக்கு விருந்துதான். பிறகு இளமரங்கள் நெருங்கி வளர்ந்து மறுபடியும் தரையை இருட்டாக்கிவிட, மான் வேறிடம் பார்க்கும். அதனால் மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெட்டாமல் திட்டுத்திட்டாக வெட்டுவார்கள். ஒரு பக்கம் தீனி, ஒட்டினாற்போல் ஒளிவதற்குப் புதர். வேட்டைக்காரர்கள் அந்த விளிம்பில் போய்க் காத்திருப்பார்கள். 1985இல் வந்த ஒரு சட்டப்படி, தன் காட்டைத் திட்டம் போட்டுப் பராமரிக்கிற நிலச்சொந்தக்காரருக்கு வரிச் சலுகை உண்டு. பொதுமக்கள் உள்ளே வந்து வேட்டையாட விட்டால் சலுகை இன்னும் கூடும். ஆல்டோ லியோபோல்ட் என்ற வனவியலாளர் 1933லேயே எழுதியிருக்கிறார்: கோடரி, கலப்பை, மாடு, நெருப்பு, துப்பாக்கி ஆகிய எவை காட்டுயிரை அழித்தனவோ, அவற்றையே அறிவோடு கையாண்டால் அதை மீட்கவும் முடியும் என்று.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு கையில் மானும் மறுகையில் மழுவும் ஏந்திய சிவன் குடியிருக்கும் ஊர்க்காரனுக்கு இதை ஓர் அமெரிக்கர் சொல்லித்தர வேண்டியிருந்ததே என்று தத்துவார்த்தமாக வேறு நினைத்துக்கொண்டேன். மரம் வெட்ட வந்த மேஸ்திரியை நிறுத்திவைத்து, வெளிச்சம், துளிர், விளிம்பு என்று ஒரு வகுப்பு எடுத்தேன். அவர் பீடியை முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, “தைலமா இருந்தா துளிர்க்கும். சவுக்கு எங்க சார் துளிர்க்குது?” என்றார்.

தோப்புச் சொந்தக்காரனுக்கு இது தெரியாது. மரத்தைத்தானே விற்கிறோம், அடிக்கட்டை என்ன ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை. சவுக்கில் எதுவும் மிஞ்சாது. தடித்தது காகித ஆலைக்கு, நீண்டது கட்டடச் சாரத்துக்கும் பந்தலுக்கும், மிளாறு அடுப்புக்கு. வேர்க்கட்டையையும் தோண்டி விறகாக்கிவிடுவார்கள். மறுவாரம் டிராக்டர் இறங்கும். அங்கே மரம் வெட்டினால் காடு மிஞ்சுகிறது, இங்கே பட்டா மிஞ்சுகிறது. போதாததற்கு, சவுக்குச் சருகு மெத்தைபோல் மூடிய தரையில் முன்பும் புல் பெரிதாக முளைத்ததில்லை. மானுக்கு என் தோப்பு சாப்பாட்டுக்கடையாக என்றுமே இருந்ததில்லை. படுக்கும் இடமாக இருந்தது. அதைத்தான் நான் வெட்டச் சொன்னேன்.

“சரி, பாதியை விட்டுட்டுப் பாதியை வெட்டுங்க” என்றேன். அரை லோடுக்கு லாரி வராது, ஆள்கூலி இரண்டு தடவை ஆகும் என்றார் மேஸ்திரி. விலையைக் குறைத்துச் சொன்னார். என் கானுயிர்க் கொள்கை அந்த இடத்தில் முடிந்தது.

வியாபாரத்திலாவது ஜெயித்தேனா என்றால் அதுவும் இல்லை. சவுக்கை எடைக்கு விற்கிறோம். வெட்டிய மரம் வெயிலில் கிடந்தால் ஈரம் வற்றி எடை குறையும்; அதனால் விற்கிறவன் உடனே எடைமேடைக்கு ஓடுவான். நானோ அஷ்டமி, நவமி பார்த்து, இடையில் வந்த ஒரு கல்யாணத்துக்கும் போய்விட்டு வந்தேன். சித்திரை வெயில் என் பணத்தைப் பட்டை உரித்துக் காய வைத்திருந்தது. எவ்வளவு நஷ்டம் என்று சொல்ல என்னிடம் கணக்கும் கிடையாது. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்தில், 920ஐ ஒட்டிய வருஷங்களில், வெட்டிவைத்த குடவோலை விதிகளின்படி, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. அவருடைய உறவினர் பெயரையும்தான். எனக்காகவே யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

மான் என்றால் எல்லாம் ஒன்றே என்று நினைத்ததையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வெளிமான் திறந்த புல்வெளிப் பிராணி. மரம் அடர்ந்தால் அதற்கு ஆகாது. கோடியக்கரையில் சீமைக்கருவேலம் புல்வெளிக்குள் பரவியது வெளிமானுக்குத்தான் கெடுதல். கிண்டியில் மரங்கள் நெருங்கிக் குடை விரித்தபோதும் இடைஞ்சல்பட்டது அதுதான், புள்ளிமான் சமாளித்துக்கொண்டது. ஆக, கோடரி நல்லதா கெட்டதா என்பதை எந்த மான் என்று கேட்டுவிட்டுத்தான் சொல்ல வேண்டும். நான் தோப்பு முழுக்கத் தரையில் சாய்ந்த பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன்.

வெட்டி முடித்தபின் வந்த ஒரு விடியற்காலையில், மொட்டையாய்க் கிடந்த நிலத்தின் நடுவே ஒரு பெண் மான் நின்றது. பழகிய இடம் தேடி வந்திருக்க வேண்டும். தம்பி சொன்னது பலித்துவிட்டது என்று துள்ளிக் குதித்து, படம் எடுத்து, சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். இடத்தையும் சேர்த்து. அது எந்தெந்தக் குழுவுக்குப் போனதோ, வெயில் ஏறுவதற்குள் பைக்குகள் வந்துவிட்டன. பைக்குகளோடு நாய்களும்.

நம் ஊரில் மான் வேட்டைக்குத் தடை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது சில பிராணிகளுக்கு உரிமம் வாங்கிச் சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. அதனால் மானுக்கு இங்கே வேட்டைக்காரனே இல்லை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வேட்டைக்காரர்கள் அன்றைக்கு வாலை ஆட்டிக்கொண்டு வந்தார்கள். மறைவு இருந்தவரை நாய்க்கும் மானுக்கும் நடுவே மரங்கள் இருந்தன, இப்போது ஒன்றுமில்லை. போதாததற்கு என் விருந்தாளி ஒருவர் கயிறு கேட்டார், பிடித்துக் கட்டிவைத்தால் பத்திரமாக இருக்குமாம். சட்டத்தில் பிடிப்பதும், பிடிப்பதற்காகத் துரத்துவதும்கூட வேட்டைதான். அவர் கேட்ட கயிற்றைத் தேடி எடுத்துக் கொடுத்தவன் நான்.

மான் ஓடிய வழியில் பெரியவருடைய பாசனக் கிணறு, சுற்றுச்சுவர் இல்லாதது. தண்ணீர் குறைவாக இருந்ததால் மூழ்கவில்லை. வந்த வனத்துறை ஆட்கள் முதலில் எங்களைத்தான் விரட்டினார்கள். சத்தமும் கூட்டமுமே மானைக் கொல்லும். பயத்திலேயே, காயமில்லாமலே, சில மணி நேரம் கழித்துக்கூடச் செத்துப்போகும் என்றார்கள். வலையில் தூக்கி, கண்ணைத் துணியால் மூடி, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம் அது என்னவாயிற்று என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நான் கேட்கவில்லை.

“மான் வந்துச்சா அண்ணா?” என்று விஸ்கான்சினிலிருந்து கேட்டான். “வந்துச்சு” என்றேன். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

இந்த முறை சவுக்கு நடும்போது, வரப்போரமாக நாலு பனையையும் புதரையும் வெட்டாமல் ஒரு பட்டையாக விட்டுவைக்கப் போவதாகப் பெரியவரிடம் சொன்னேன், பாராட்டுவார் என்று எதிர்பார்த்து. “அதுல பன்னிதான் வந்து படுக்கும் தம்பி. அதுக்கும் நான்தான் மல்லாட்டை போடணுமா?” என்றார். பதில் இல்லாததால் கிணற்றுச் சுவருக்குப் பாதிப் பணம் தருவதாகச் சொல்லிவைத்தேன். செங்கல் இறங்கிவிட்டது. கொத்தனார் தை பிறந்த பிறகு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்தத் தை என்று பெரியவர் கேட்கச் சொல்கிறார்.