ரெக்கார்டு வாங்கின மாப்ளே, பெட்டி எங்கே?

மாப்ளே, உங்கம்மா நேத்து போன்ல பேசினா. அக்கா குரல்ல ஒரே பெருமை. சென்னையில நீ வீட்டை ஒழிச்சுக்கிட்டு இருக்கியாம். பரண்ல கிடந்த கேசட்டு பூராத்தையும் அட்டைப்பெட்டியில கட்டிப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போறியாம். நல்ல காரியம். அதே கையோட நாலாயிரம் ரூபாய்க்கு ஒரு கறுப்பு ரெக்கார்டு வாங்கி ஹால்ல மாட்டியிருக்கியாம். அது இன்னும் நல்ல காரியம். அதைச் சுத்தவிட்டுக் கேக்குற பெட்டியை மட்டும் இன்னும் வாங்கலைன்னு சொன்னா பாரு, அங்கதான் உனக்குத் தாய்மாமனாப் பொறந்ததுக்கு எனக்கே பெருமையாப் போச்சு.

வெக்கப்படாத. நீ தனி ஆளில்லை. லூமினேட்னு ஒரு கம்பெனி, அமெரிக்காவுல பாட்டு வியாபாரத்தைக் கணக்கெடுக்குறவங்க, 2023-ல சொன்னாங்க: அங்க ரெக்கார்டு வாங்குறவங்கள்ல பாதிப் பேர்கிட்டதான் அதை ஓட்டுற பெட்டி இருக்காம். மிச்சப் பாதி உன் கட்சி. இந்தப் புண்ணியவான்களையும் சேத்துதான் 2022-ல அந்த நாட்டுல நாலு கோடிக்கு மேல ரெக்கார்டு வித்துச்சு. எண்ணிக்கையில சி.டி.யை அது முந்தினது 1987-க்கு அப்புறம் அப்பத்தான். எழவு சொல்லி, கருமாதி முடிச்சு, எல்லாரும் மறந்துபோன சாமான் மாப்ளே அது.

இதெல்லாம் கிராமத்துக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. வாலிபத்துல மைக் செட் ஓட்டினவன் நான். சுத்துப்பட்டுல ஒரு சடங்கு, ஒரு கொடை நம்ம குழாய் இல்லாம நடந்ததில்லை. இப்பவும் பேத்தி போன்ல பாட்டுச் சமாச்சாரம் எது வந்தாலும் வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுக்குவேன்.

நீ மாட்டியிருக்குறது பிளாஸ்டிக். எங்கப்பா காலத்துத் தட்டு அரக்கு. பூச்சி கக்குற அரக்கை நம்ம நாட்டுக் காட்டுல சுரண்டியெடுத்து உலகத்துக்கே அனுப்பினாங்க. நிமிஷத்துக்கு 78 சுத்து. ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம். கச்சேரியில ஒரு ராகத்தை ஆற அமர ஒரு மணிநேரம் ஆலாபனை பண்ற வித்துவான், இங்க தொண்டையைச் செருமுறதுக்குள்ள முடிச்சுட்டு எந்திரிக்கணும். 1902-ல கல்கத்தாவுல கவுஹர் ஜான் பாடினாங்களே, பாட்டு முடிஞ்சதும் தன் பேரை இங்கிலீஷ்ல சொல்லிட்டுத்தான் நிறுத்துவாங்க. தட்டு அச்சாகுறது ஜெர்மனியில. அங்க இருக்குறவன் யார் பாட்டுன்னு தெரிஞ்சு சீட்டு ஒட்டணுமில்ல? இப்ப உன் போன்ல ஒரு பாட்டு ஓடுறப்ப எழுதின கவிஞர் யாருன்னு கேட்டா, நீ எத்தனை இடத்தைத் தட்டித் தேடுறன்னு நானும்தான் பாக்குறேனே.

நான் தொழிலுக்கு வந்தப்ப பிளாஸ்டிக் தட்டுதான். பாட்டைவிட வசனத் தட்டுக்குத்தான் மவுசு. 'திருவிளையாடல்' போடாத கோயில் கொடை உண்டா? ஊசி கீறல்ல மாட்டிக்கிச்சுன்னா நக்கீரர் ஒரே வார்த்தையைத் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டே இருப்பார். பரமசிவனுக்குப் பதில் சொல்ல வாய்ப்பே கிடைக்காது. நான் டீக்கடையிலிருந்து ஓடிவந்து ஊசியைத் தட்டிவிட்டாத்தான் கடவுள் பேசுவார். அந்த அதிகாரம் இன்னிக்கு உன் ஸ்பாட்டிஃபை முதலாளிக்குக்கூட இல்லை.

அப்புறம் வந்துச்சு கேசட்டு. பிலிப்ஸ்காரன் 1963-லயே பெர்லின்ல காட்டிட்டான். நம்ம ஊர் மந்தைக்கு அது வந்துசேர, சவுதிக்கும் துபாய்க்கும் போன பயலுக டூ-இன்-ஒன் செட்டைத் தோள்ல தூக்கிட்டு வர வேண்டியிருந்துச்சு. அது வரைக்கும் பாட்டுன்னா நாய் படம் போட்ட ஹெச்.எம்.வி. மாதிரி ரெண்டு மூணு பெரிய கம்பெனி வெச்சதுதான் சட்டம். தட்டு அச்சடிக்கத் தொழிற்சாலை வேணும், கோடிக்கணக்குல முதல் வேணும். கேசட்டுக்கு என்ன வேணும்? ஒரு ரூம்பு, நாலு டெக்கு. டெல்லியில பழச்சாறுக் கடைக்காரர் மகன் குல்ஷன் குமார் டி-சீரீஸ்னு ஆரம்பிச்சு, மலிவு விலையில கேசட்டைக் கொட்டிப் பெரிய கம்பெனிகளைக் கலங்கடிச்சார். நம்ம பக்கத்துல தெருவுக்குத் தெரு ரெக்கார்டிங் சென்டர் முளைச்சது அந்தக் காத்துலதான்.

அந்தக் கடைக்குள்ள நீ போயிருக்கணும் மாப்ளே. கோடு போட்ட தாள்ல பாட்டுப் பட்டியல் எழுதிக் குடுக்கணும். அறுபதா தொண்ணூறான்னு கேப்பான். அறுபதுன்னா பக்கத்துக்கு அரைமணி நேரம். ஆறேழு பாட்டு பிடிக்கும். கடைசியில ரெண்டு நிமிஷ நாடா மிச்சமிருந்தா, நீ கேக்காத பாட்டு ஒண்ணை அவனா ஏத்திவிடுவான். அதுவும் சரணத்துல பாதியில நின்னுபோகும். அந்தப் பாதிப் பாட்டு காலத்துக்கும் மனசுல கிடந்து அரிக்கும். உன் பட்டியலை வாசிச்சுட்டு ஒரு பார்வை பாப்பான் பாரு, உனக்குக் காதலா, கடனான்னு அவனுக்குத் தெரிஞ்சுபோகும். ஊருல எவன் எந்தப் புள்ளைக்கு எந்தப் பாட்டைப் பதிஞ்சு குடுத்தான்கிற ரகசியம் பூரா அந்த மேசை டிராயர்ல கிடந்துச்சு. இப்பவும் உன் போனுக்குள்ள இருந்து ஒருத்தன் உன்னை அப்படிக் கவனிக்கத்தான் செய்றான். ராத்திரி ஒரு மணிக்கு நீ எதைக் கேட்டேன்னு அவனுக்குத் தெரியும். டீ மட்டும் வாங்கித் தர மாட்டான்.

பதியிறது திருட்டுதானேன்னு கேப்ப. திருட்டுதான். அப்ப எங்களுக்கு யாரும் சொல்லலை. சொல்லியிருந்தாலும் காதுல ஏறியிருக்காது, காது பூரா பாட்டு.

சி.டி. கதையைச் சுருக்கமா முடிச்சிடுறேன், அது வாழ்ந்ததே அவ்வளவுதான். 1982-ல சோனியும் பிலிப்ஸும் சேந்து கொண்டாந்தாங்க. தேயாது, சாகாதுன்னாங்க. நம்ம ஊர்ல அது அசல் உருவத்துல பணக்காரன் வீட்டுக் காருக்குள்ள இருந்துச்சு. சனங்ககிட்ட வந்தது எம்பி3 தட்டாத்தான். நிமிஷத்துக்கு ஒரு எம்.பி.ன்னு பாட்டை நசுக்கினா 700 எம்.பி. தட்டுல நூத்துமுப்பது, நூத்துநாப்பது பாட்டு அடங்கும். பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்துல இளையராஜாவோட பத்து வருஷ உழைப்பை ஒரு சாப்பாட்டுக் காசுக்குக் கூவி வித்தான். எழுத்துப்பிழையோட.

இப்ப உன் காலத்துக்கு வா. ஆப்பிள்காரன் 2003-ல கடை திறந்து, பாட்டு ஒண்ணு 99 சென்ட், இறக்கிக்கோன்னான். உலகம் கைதட்டுச்சு. நம்ம ஃபிளிப்கார்ட்டும் 2012 பிப்ரவரியில ஃபிளைட்னு ஒரு பாட்டுக் கடை போட்டுச்சு. காசு குடுத்து நேர்மையா வாங்கு, ஃபைல் உனக்கே சொந்தம். நேர்மை எத்தனை நாள் ஓடுச்சு தெரியுமா? 2013 ஜூன்ல கடையைச் சாத்திட்டாங்க. ஓசியில கிடைக்குற சாமானுக்கு ஆறு ரூபா, பத்து ரூபா எவன் குடுப்பான்? மைக்ரோசாஃப்ட் கதை அதைவிட ருசி. எம்.எஸ்.என். மியூசிக்னு வித்தாங்க, பாட்டுக்கு ஒரு பூட்டு, சாவி அவங்க கம்ப்யூட்டர்ல. புதுக் கம்ப்யூட்டர் வாங்கினா அவங்ககிட்டப் போய்த் திறக்கச் சொல்லணும். 2008-ல, சாவிக் கம்ப்யூட்டரை நிறுத்தப் போறோம்னு ஒரு கடுதாசி. காசு குடுத்து வாங்கினவன் கூச்சல் போட்டதும், சரி, 2011 வரைக்குமாவது ஓட்டுறோம்னாங்க.

அதனால நீங்கல்லாம் புத்திசாலித்தனமா வாங்குறதையே விட்டுட்டு வாடகைக்குப் போயிட்டீங்க. மாசம் ஒரு சின்னத் தொகை. கோடிப் பாட்டு. வாடகைக்கு இருக்குறதுல எவ்வளவு சவுகரியம்! வெள்ளையடிக்க வேணாம், ஓட்டை மாத்த வேணாம். என்ன, ஓனர் கூடத்தை இடிச்சாக்கூட உன்கிட்டக் கேக்க மாட்டான். 2024-ல ஜீ மியூசிக் கம்பெனிக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் பேரம் படியலை. ஒரு காலையில பாட்டெல்லாம் காணோம். அதே வருஷம் ஏர்டெல் தன்னோட பாட்டு ஆப் வின்க்கையே இழுத்து மூடுச்சு. நீ வருஷக்கணக்கா அடுக்கி வெச்ச பட்டியலைத் தூக்கிட்டு அடுத்த வீடு பாக்கணும். நாள் பூரா புதுப்பாட்டு கேட்டுட்டுத் தூங்கிப்போற ஆளுக்கு இது போதும் மாப்ளே, நெசமாத்தான் சொல்றேன். உனக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. செத்தா ஒழியக் கேட்டுத் தீராத பாட்டுன்னு உனக்கு ஒரு முப்பது, நாப்பது இருக்குமில்ல? அதையும் வாடகைக்கு விட்டுட்டு நிம்மதியா இருக்க பாரு, உன் தைரியமே தைரியம்.

ஆகாயத்துல போட்டு வெச்சா அழியாதுன்னு மட்டும் நினைச்சிராத. மைஸ்பேஸ்னு ஒரு இடம். ஊருபட்ட வாலிபப் பயலுக தங்களோட பாட்டை அங்கதான் ஏத்தி வெச்சிருந்தாங்க. சாமானை ஒரு கம்ப்யூட்டர்லருந்து இன்னொண்ணுக்கு மாத்துறேன்னு பன்னெண்டு வருஷத்துப் பாட்டைத் தொலைச்சுட்டாங்க. கோடிக்கணக்குல. 2019-ல ஒரு மன்னிப்பு கேட்டாங்க, அவ்வளவுதான்.

அதுக்காகக் கையில பிடிக்குற சாமானெல்லாம் சாமின்னு கும்பிடவும் நான் சொல்லலை. 2008-ல ஹாலிவுட்ல யுனிவர்சல் ஸ்டூடியோவுல தீப்பிடிச்சுப் பழைய மூல நாடாவெல்லாம் கருகுச்சு. விஷயம் முழுசா வெளிய தெரியவே பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியாவுல அப்பல்லோ மாஸ்டர்ஸ் தொழிற்சாலை எரிஞ்சுது. ரெக்கார்டு அச்சுக்கு மூலத் தட்டு செய்யுற இடம். அது போனதும் உலகத்துக்கே அந்தச் சாமான் குடுக்க ஜப்பான்ல ஒரே ஒரு கம்பெனிதான் மிஞ்சுச்சு. நம்ம ஊர்ல தீயே வேணாம். சித்திரை வெயில்ல ஜன்னலோரம் வை, ரெக்கார்டு நெளிஞ்சுபோகும். ஐப்பசி மழையில கேசட்டு பூஞ்சை பூக்கும். பென்சிலைச் சொருகிச் சுத்திச் சுத்தி என் விரல் காய்ச்சுப்போன கதை உங்கத்தைக்குத் தெரியும்.

ரெக்கார்டுல சத்தம் உயிரோட இருக்குன்னு யாரோ உனக்குச் சொல்லியிருக்கான். இருக்கலாம். மொபைல் ஃபிடெலிட்டின்னு அமெரிக்காவுல ஒரு கம்பெனி. சத்தத்துல பித்துப் பிடிச்சவங்களுக்கான கம்பெனி, விலையைக் கேட்டாலே காது அடைக்கும். மூல நாடாவுலருந்து நேரடியா வெட்டுனதுன்னு நம்பி வாங்கினாங்க. நடுவுல டிஜிட்டல் நகல் ஒண்ணு இருக்கு, அதுவும் பல வருஷமா இருக்குன்னு 2022-ல அம்பலமாச்சு. அது வரைக்கும் அந்தத் தட்டுகளைக் கேட்டுட்டு, டிஜிட்டல் வாடையே இல்லைன்னு கண்ணை மூடித் தலையாட்டின நிபுணர்கள் எத்தனை பேர்! உன் ரெக்கார்டு சுவத்துல தொங்குறவரைக்கும் உனக்கு அந்தச் சங்கடம் வராது.

இனிமே என்ன ஆகும்னு கேட்டியாமே. நான் ஜோசியக்காரன் இல்லை, ஆனா நடக்குறது கண்ணுக்குத் தெரியுது. ரெக்கார்டு நகைக்கடைக்குப் போயிருச்சு. இருக்குறவன் வாங்குவான், மாட்டுவான். கொரியாக்காரன் இன்னும் சாமர்த்தியம். சி.டி.க்குள்ள பாடுற பையனோட படம் போட்ட சீட்டு ஒண்ணை ஒளிச்சு வெச்சு விக்கிறான். எந்தப் பையன் படம் வரும்னு தெரியாது. புள்ளைக ஒரே சி.டி.யை அஞ்சாறு வாங்குது. 2023-ல அங்க ஆல்பம் விற்பனை பத்துக் கோடியைத் தாண்டுச்சு. எத்தனை சி.டி. பெட்டிக்குள்ள போய்ப் பாடுச்சுங்கிறதை எவனும் எண்ணலை. நம்ம மைக் செட்டுப் பயலுக பென் டிரைவுக்கு வந்துட்டாங்க. ஆடி மாசம் எல்.ஆர். ஈஸ்வரி இப்ப விரல் நகம் அளவுல வர்றாங்க. குரல் மட்டும் குறையலை.

எல்லாரையும்விட கெட்டிக்காரன் அந்த நாய்ப்படக் கம்பெனிதான். பேரைச் சரிகமன்னு மாத்திக்கிட்டு, 2017-ல கேரவன்னு பழைய ரேடியோ சாயல்ல ஒரு பெட்டி விட்டான். உள்ள அய்யாயிரம் பாட்டு. நெட்டு வேணாம், பாஸ்வேர்டு வேணாம், திருகினாப் பாடும். போன தீபாவளிக்கு நீயே ஒண்ணு வாங்கிக் குடுத்தியே எனக்கு! அதுல இருக்குற பாட்டை எங்கப்பன் தட்டா வாங்கினான், நான் கேசட்டா வாங்கினேன், உங்கப்பா சி.டி.யா வாங்கினார், நீ மாசாமாசம் வாடகை குடுத்துக்கிட்டே பெட்டியாவும் வாங்கினே. ஒரே பாட்டு மாப்ளே. மூணு தலைமுறை ரூபாய்க்குப் பாடிக்கிட்டு இருக்கு. அந்த நாய் இப்பவும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் உக்காந்திருக்கும்.

ஆனா ஒண்ணு. எந்தக் கம்பெனியும் விக்காத சரக்கும் கேசட்டுல உண்டு. சவுதியில இருந்தப்ப உங்கப்பா கடுதாசி எழுத மாட்டார். கேசட்டுல பேசி ஊருக்கு வர்றவன்கிட்டக் குடுத்தனுப்புவார். மொத அரைப்பக்கம் வெயிலைப் பத்தி. அடுத்து அக்காவைப் பத்தி, அது உனக்கு வேணாம். ரெண்டாம் பக்கத்துல, "அடுத்த லீவுக்கு வர்றப்ப மச்சினனுக்கு சீக்கோ வாச்சு கண்டிப்பா"ன்னு தெளிவா, பேர் சொல்லிப் பேசியிருக்கார். லீவுக்கு வந்தார். வாச்சு வரலை. இன்னிக்கு வரைக்கும் அப்படி நான் சொன்னதே இல்லைங்கிறார் மனுசன்.

அந்தக் கேசட்டு எங்கிட்டத்தான் இருக்கு. அழியாம இருக்க மேல்பக்கத்து ரெண்டு காதையும் அப்பவே உடைச்சு வெச்சுட்டேன். டெக்கும் ஓடுது, பெல்ட்டு புதுசு. பொங்கலுக்கு வரும்போது டெக்கையும் போனையும் சேக்குற ஒயர் ஒண்ணு வாங்கிட்டு வா. ஏத்திக் குடும்பக் குரூப்புல போட்டுரலாம். அத்தான்கிட்ட இப்ப மூச்சு விடாத.