கட்சி மாறிய கப்பித்தான்

மருமகன் பெருங்கடவிளை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனில் அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறான். பெயர்தான் கால்பந்து, கையில்தான் ஓடுகிறது.

"மாமா, இந்த நாலு தடியன்மாரப் பாருங்க. டிஃபென்ஸ் லைன். எதிராளிய மறிச்சுக் கீழ தள்ளணும். அதுக்குக் கோடிக்கணக்குல சம்பளம்!"

"இந்த வேலைக்கு நம்ம திருவிதாங்கூர்ல ஒரு வெள்ளைக்காரன் இருந்தான்டே."

1741. மிளகு ஆசையில் டச்சுக் கம்பெனி குளச்சலில் இறங்கியது. எதிரே திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மா. இளவயதில், தன்னை எதிர்த்த எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்களுக்குப் பயந்து, நெய்யாற்றின்கரையில் ஒரு பிலாமரப் பொந்தில் ஒளிந்தவர் என்பது ஊர்க்கதை. தற்காப்புப் பாடத்தை மரத்துக்குள்ளிருந்தே படித்த ராஜா. முற்றுகையில் ஒரு குண்டு டச்சு வெடிமருந்துப் பீப்பாயில் விழ, தீ அவர்களுடைய அரிசியைத் தின்றுவிட்டது. உலகத்தையே விலைபேசிய கம்பெனி சோறில்லாமல் கையைத் தூக்கிற்று.

பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். வேறு ராஜாவாக இருந்தால் தலையை வாங்கியிருப்பார். இவர் ஆளையே வாங்கிவிட்டார். ஏலமில்லை, ஏஜெண்டில்லை. படைக்குப் பயிற்சி, உதயகிரியில் பீரங்கி வார்ப்பு, 'வலிய கப்பித்தான்' (பெரிய கேப்டன்) பட்டம். சாகும்வரை வேறு அணிக்குத் தாவவில்லை.

அவர் மேற்பார்வையில் எழுந்த நெடுங்கோட்டைதான் உச்சம். கடலோரம் தொடங்கி ஆனமலை அடிவாரம் வரை சுமார் 30 மைல். அகழி, மண்சுவர், முள்மூங்கில் வேலி. ஆங்கிலேயர் அதை 'திருவிதாங்கூர் லைன்ஸ்' என்றே எழுதினார்கள். கப்பித்தான் 1777இல் கண்மூடினார். 1789 டிசம்பர் கடைசியில் திப்பு வந்து மோதி, பல்லக்கையும் வாளையும் விட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஆள் போய் 12 வருஷமாகியும் லைன் மறித்தது! அடுத்த வருஷமே திப்பு திரும்பிவந்து அதை உடைத்தார். அந்த இரண்டாம் பாதியை மருமகனிடம் சொல்லவில்லை.

1956இல் எல்லை பிரித்தபோது பிலாமரம் கேரளத்துக்கு, கப்பித்தானின் கல்லறை தமிழ்நாட்டுக்கு. போன ஞாயிறு அவனைப் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போனேன். அங்குள்ள உதயகிரிக் கோட்டை இப்போது வனத்துறைப் பூங்கா. ராஜாவுக்கு இலவசமாகக் கிடைத்தவரைப் பார்க்க எனக்கு டிக்கெட். கல்லறையில் லத்தீனும் தமிழும் செதுக்கியிருக்கிறது. மருமகன் குனிந்து, விரலால் தூசி துடைத்து, நெடுநேரம் தேடினான்.

"ஜெர்சி நம்பர் எங்க மாமா?"