ராக் சங்கீதம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ராக் சங்கீதத்தின் லட்சணம் என்ன?
பதில்: எலெக்ட்ரிக் கிதார், பேஸ் கிதார், டிரம்ஸ், உரத்த குரல் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, நான்கு எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டாவதையும் நான்காவதையும் ஓங்கி அடித்து நடத்தினால், பெரும்பாலும் அது ராக். அந்த அடிக்குப் பேக்பீட் என்று பெயர். அதன் ஜீவநாடியே டிரம்ஸ்காரர்தான். அவரை மேடையின் பின்வரிசையில் உட்கார வைப்பது அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கேள்வி: எல்லாம் வெறும் கூச்சல்தானே?
பதில்: இல்லை.

கேள்வி: கிதார் ஏன் அப்படி உறுமுகிறது?
பதில்: ஆகா, இதையல்லவா கேட்க வேண்டும்! ஆம்ப்ளிபையரை அதன் சக்திக்கு மீறி முடுக்கும்போது, நாதத்தின் அலைமுகடுகள் வெட்டுண்டு, மூல ஸ்வரத்தோடு புதிய மேல் ஓசைகள் பல பிறந்து அதைக் கனக்கச் செய்கின்றன. 1951-ல் மெம்பிஸ் நகரத்தில் 'ராக்கெட் 88' என்ற பாட்டு பதிவானபோது, பழுதுபட்ட ஆம்ப்ளிபையர் தந்த கரகரப்பை ஒலிப்பதிவு செய்த ஸாம் பிலிப்ஸ் அப்படியே வைத்துக்கொண்டார். அந்தக் கரகரப்பை வேண்டியே கிதார் கலைஞர் லிங்க் ரே ஸ்பீக்கரில் துளையிட்டார். 1964-ல் கிங்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஸ்பீக்கரைப் பிளேடால் கிழித்தே விட்டார்! லிங்க் ரேயின் 'ரம்பிள்' (1958) இசையில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. ஆயினும் சண்டையைத் தூண்டும் என்று அஞ்சிச் சில அமெரிக்க வானொலி நிலையங்கள் அதைத் தடுத்தன. நாதத்தின் வல்லமைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

கேள்வி: அத்தனை கரகரப்பில் ஸ்வரம் குழம்பாதா?
பதில்: குழம்பும். அதனால்தான் காந்தாரத்தை ஒதுக்கி, ஷட்ஜ பஞ்சமங்களை மட்டும் சேர்த்து மீட்டுகிறார்கள். அதற்குப் பவர் கார்டு என்று பெயர். தம்பூரா கேட்டுப் பழகிய செவிக்கு அந்தச் சேர்க்கை அந்நியமாகாது.

கேள்வி: ராக் கச்சேரியில் எப்போது கைதட்டுவது?
பதில்: இரண்டிலும் நான்கிலும். டிரம்ஸ்காரரைப் பாருங்கள்.

கேள்வி: ராக்கைப் படைத்தவர் எல்விஸ் பிரெஸ்லிதானே?
பதில்: அல்ல. 1954-ல் அவர் ஸாம் பிலிப்ஸின் நிறுவனத்தில் முதல் ரிக்கார்டு பாடுவதற்கு வெகு முன்பே, கறுப்பினக் கலைஞர்கள் ப்ளூஸையும் தேவாலய கீதங்களையும் கலந்து அஸ்திவாரமிட்டு விட்டார்கள். 1940-களிலேயே ஸிஸ்டர் ரோஸெட்டா தார்ப் என்ற மாதரசி தெய்வத்தை எலெக்ட்ரிக் கிதாரோடு பாடினார். 1973-ல் அவர் மறைந்தார். 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆப் பேம்' அவரைச் சேர்த்துக்கொண்டதோ 2018-ல். ஒரு கலையை ரசிப்பவன் அதன் மூதாதையரை அறிந்து வணங்கவும் கடமைப்பட்டவன்.

கேள்வி: எந்தப் பாட்டில் ஆரம்பிக்கலாம்?
பதில்: சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' (1958). அதன் ஆரம்பக் கிதார் வாசிப்பு, 1946-ல் லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் வாசித்ததன் வழிவந்தது. அதையும் தேடிக் கேளுங்கள்.