குடவோலையும் ப்ளாப்பியும்: ஓர் ஒப்பாய்வு

கழற்றி எடுத்துச் செல்லும் நினைவகம் என்பது, ஓரிடத்தில் எழுதியதை இன்னோரிடத்தில் படிக்க முடியாமல் திண்டாடுவதற்கென்றே மனிதகுலம் கண்டுபிடித்த சாதனம். இதில் ஒழுங்காக வேலை செய்த மிகப் பழைய மாதிரி, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை, உத்திரமேரூரில் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அதை விவரிக்கின்றன. ஊரின் 30 குடும்புகளுக்கும், அதாவது வட்டாரங்களுக்கும், தனித்தனியே பெயர் எழுதிய ஓலைகளைக் கட்டி, கட்டுக்கொரு வாயோலை பூட்டிக் குடத்தில் இடுவார்கள். விவரமறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதைப் பிரித்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அவன் எடுக்கும் ஓர் ஓலையை மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

கணினிக் கடைக்காரர் பாஷையில் வாயோலை லேபிள், குடம் டிரைவ், மத்தியஸ்தன் ரீட் ஹெட். ஒரே ஓலையை அத்தனை பேரும் தடுமாறாமல் படித்தார்கள் என்பதுதான் விசேஷம். ப்ளாப்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஐபிஎம் 1971இல் வெளியிட்ட 8 அங்குலத் தட்டு 80 கிலோபைட் அளவே பிடித்தது. 1976இல் ஷுகார்ட் நிறுவனத்தின் 5¼ அங்குலமும், 1981இல் சோனியின் 3½ அங்குலமும் வந்தன. உடம்பு இளைக்க இளைக்க வயிறு பெருத்த ஒரே வம்சம் இதுதான். 5¼ அங்குலத்தில் பரவலாகப் புழங்கிய வகை 360 கிலோபைட். உத்திரமேரூர் வாரியப் பெருமக்களின் பதவிக்காலம் 360 நாள். இந்தப் பொருத்தம் எளிதில் ஒதுக்கத்தக்கதல்ல. இடம் கருதி இங்கே ஒதுக்கப்படுகிறது.

பின்னர் வந்த 1.2 மெகாபைட் டிரைவில் தலை மெலிந்தது. அது எழுதும் தடமும் ஒடுங்கியது. அதில் எழுதிய 360 கிலோபைட் தட்டைப் பழைய டிரைவில் போட்டால், அகன்ற தலை புதுத் தடத்தோடு ஓரங்களில் மிஞ்சிய பழைய தடத்தையும் சேர்த்தே படிக்கும். வாசலைச் சரியாகப் பெருக்காமல், பழைய கோலத்தின் மேலேயே மெல்லிய இழையில் புதுக்கோலம் போட்ட கதை. தலை சற்றே இடம் பிசகிய டிரைவின் கதை இன்னும் மோசம். தான் எழுதியதைத் தானே அழகாகப் படிக்கும். வேறு எந்த டிரைவும் படிக்காது.

தமிழுக்கு இதோடு இன்னொரு கண்டம் இருந்தது. யூனிகோடு பரவாத நாளில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியேற்றம். டி.டி.பி. சென்டரில் அடித்த கல்யாணப் பத்திரிகை சட்டைப்பையில் ஏறி உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது, அந்த எழுத்துருவும் கூடவே போக வேண்டும். மறந்தால் அச்சகத்துத் திரையில் மணமகள் பெயரும் முகூர்த்த நேரமும் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக விரியும். பந்தக்கால் நட்டாகிவிட்ட வீட்டுக்கு இதை விளக்குவது எளிதல்ல.

எழுத்துத் தடை விஷயத்தில் தட்டுகளுக்குள்ளேயே சித்தாந்தப் பூசல். 5¼ அங்குலத்தில் ஓரப் பள்ளத்தை ஒட்டுத்தாளால் மூடினால் எழுத முடியாது. 3½ அங்குலத்தில் மூலைத் துளையைத் திறந்துவிட்டால் எழுத முடியாது. இரண்டையும் வைத்திருந்தவர்கள் எதை மூடுவது, எதைத் திறப்பது என்று குழம்பி, அழிக்கக் கூடாததை அழித்தார்கள்.

1994இல் ஐயோமெகாவின் ஜிப் டிரைவ் வந்தது. ஒரு தட்டில் 100 மெகாபைட், 1.44 மெகாபைட் ப்ளாப்பி ஏறக்குறைய 70க்குச் சமம். அதன் நோய் காதால் அறியத்தக்கது: டிக், டிக் என்று ஓயாமல் தட்டும். தட்டுக் கெட்டதா, டிரைவ் கெட்டதா என்று பார்க்க அதே தட்டை அடுத்த டிரைவில் போட்டால், சில வேளை அதுவும் தட்டத் தொடங்கும். அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகும் ஊரில் இதைப் புரிந்துகொள்ளத் தனிக் கையேடு தேவையில்லை.

கல்வெட்டில் குடவோலை விதிகள் இருக்கின்றன. எந்த ஆண்டு யார் பெயர் வந்தது என்ற பட்டியல் அதில் இல்லை. மென்பொருள் கல்லில் நின்றது, தரவு ஓலையோடு போயிற்று.

சோனி 2011 மார்ச்சில் ஜப்பானில் ப்ளாப்பி விற்பனையை நிறுத்தியது. விண்டோஸ் கணினியில் வன்தட்டு இன்றும் சி என்ற எழுத்திலிருந்தே தொடங்குகிறது. ஏ, பி இரண்டும் ப்ளாப்பிக்கென ஒதுக்கியவை. வராத பெரியவர்களுக்காகப் பந்தியின் தலைமாட்டில் போட்ட இரண்டு இலைகளாக அவை கிடக்கின்றன.