எக்கோ, கிலோ, கிலோ, ஆல்ஃபா

1980-களில் நான் எண்ணெய்க் கப்பலில் ரேடியோ ஆபீசர். கப்பலின் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் இருந்த பெயர், லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா, பி.வி.சி. பி.வி.சி. என்றால் போர்க்கள வீரத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம்வீர் சக்ரா. அன்றுவரை அதைப் பெற்றிருந்தவர்கள் 15 பேர்; அவர்களில் 11 பேர் போரில் உயிர்விட்டவர்கள். 15 பேரின் பெயரையும் ஷிப்பிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா தன் கச்சா எண்ணெய்க் கப்பல்களுக்கு வைத்தது. கடற்படை தன் கப்பல்களுக்கு ஆறு, மலை, நகரம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்க, தரைப்படை, விமானப்படைக்காரர்களின் பெயர்கள் வணிகக் கப்பலேறிக் கடலுக்கு வந்தன.

வளைகுடாவில் கரை நிலையத்தைக் கூப்பிட்டுக் கப்பல் பெயரைச் சொல்வேன். "திரும்பச் சொல்லுங்கள்" என்பார்கள். சொல்வேன். அப்போதும் பிடிபடாது. பிறகு ரேடியோ வழக்கப்படி எழுத்துக்கு ஒரு சொல்லாக: எக்கோ, கிலோ, கிலோ, ஆல்ஃபா. ஒவ்வொரு துறைமுகத்திலும் இதே கதைதான். அலுப்பாக இருந்ததே இல்லை. அரபிக்காரரும் கிரேக்கரும் அந்தப் பெயரைத் தட்டுத்தடுமாறித் திருப்பிச் சொல்லும்போது பெருமையாகவே இருக்கும்.

மெஸ்ஸில் எக்காவின் படம் மாட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "மார்க்கோனி சாப், இவர் யாரு?" என்று கேட்டான் (ரேடியோ ஆபீசரைக் கப்பலில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இன்றைய ஜார்க்கண்டில், கும்லா பக்கத்து ஆதிவாசிக் குடும்பத்துப் பிள்ளை. 1971 டிசம்பரில் அகர்தலாவுக்கு அருகே கங்காசாகரில் சண்டை. தன் ஆட்களைச் சாய்த்துக்கொண்டிருந்த இயந்திரத் துப்பாக்கிப் பதுங்குகுழிக்குள் பாய்ந்து, துப்பாக்கிமுனைக் கத்தியால் இருவரைக் குத்தி அதை அடக்கினார். பலத்த காயத்தோடு முன்னேறினார். மாடிக் கட்டடம் ஒன்றிலிருந்து இன்னொரு துப்பாக்கி சுட்டது. குண்டு வீசினார், அது ஓயவில்லை. சுவரேறி உள்ளே போய் அதையும் அடக்கிவிட்டுத்தான் உயிரை விட்டார். வயது 28. பையன் சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான்.

அந்த 15 கப்பல்களும் வயதாகி உடைக்கப் போய்விட்டன. 1999-இல் செயற்கைக்கோள் ஏற்பாடு முழுதாக வந்ததும் என் உத்தியோகமும் கப்பலை விட்டு இறங்கியது. 2023 ஜனவரி 23 அன்று அந்தமானில் பெயரில்லாதிருந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் பெயர்களைச் சூட்டினார்கள். எக்காவுக்கும் ஒரு தீவு. மகிழ்ச்சிதான். ஆனால் குடியில்லாத தீவை யார் தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடப் போகிறார்கள்? கப்பலென்றால் பைலட் கேட்பார், இழுவைப் படகுக்காரர் கேட்பார், ஊர்பேர் தெரியாத துறைமுகத்தில் எவனாவது கேட்பான்.

அதனால், இனி வாங்கும் கப்பல்களுக்கு இந்தப் பெயர்களையே மறுபடி வைக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரே சிக்கல்: இப்போது கப்பலின் பெயரை ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவியே ஒலிபரப்புகிறது, பெயருக்கு அதில் 20 எழுத்து இடம்தான். லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா என்று ஆங்கிலத்தில் எழுதினால், பி.வி.சி. இல்லாமலே, இடைவெளியோடு சேர்த்து 22. பதவியை விட்டுவிடட்டும். ஆல்பர்ட் எக்கா என்றால் 11 தான்.