ஒரு ஃபைலுக்கு எத்தனை ஜாதகம்?

ஒரு ஃபைலைப் பற்றி விசாரிக்க 'ஸ்டாட்' என்றொரு ஃபங்ஷன் உண்டு. பெயரைக் கொடுத்தால் போதும். எத்தனை பைட், யாருக்குச் சொந்தம், யார் படிக்கலாம், கடைசியாக எப்போது கை வைத்தார்கள் என்று மொத்த ஜாதகத்தையும் கக்கிவிடும். 1971-இல் வந்த யூனிக்ஸின் முதல் பதிப்பிலேயே இருந்த ஆசாமி. இத்தனை அனுபவஸ்தருக்கு டெஸ்ட் எழுதுவதில் என்ன சிரமம் என்று சொல்லித்தான் டீம் லீட் அந்த வேலையை என் தலையில் கட்டினார். லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓட வேண்டும் என்பதை மட்டும் கதவருகே போய் நின்றுகொண்டு சொன்னார்.

முதல் தகராறு, ஸ்டாட் சொல்லும் நேரங்களில் ஒன்றான 'சிடைமில்'. யூனிக்ஸ் வம்சத்தில் இது, ஃபைலின் உள்ளடக்கமோ பெர்மிஷனோ உரிமையாளரோ கடைசியாக மாறிய நேரம். விண்டோஸிலும் அதே பெயரில் ஒன்று வருகிறது. ஆனால் அது ஃபைல் பிறந்த நேரம். பெர்மிஷனை மாற்றினால் சிடைம் நகர்கிறதா என்று என் டெஸ்ட் கேட்டது. லினக்ஸ் நகர்த்திக் காட்டியது. விண்டோஸ் அசையவில்லை. பிறந்த நேரம் எப்படி சார் மாறும்? நியாயம்தானே.

காலம் எப்போது தொடங்கியது என்பதிலும் ஒற்றுமை கிடையாது. யூனிக்ஸுக்கு 1970 ஜனவரி 1. மேக்கின் பழைய ஃபைல் சிஸ்டமான எச்எஃப்எஸ் பிளஸுக்கு 1904. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 1601-லிருந்து 100 நானோசெகண்ட் கணக்கில் எண்ணிக்கொண்டு வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியே அப்போதுதான் ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. யார் எந்த ஃபைலைத் திறந்தார்களோ! இவ்வளவு நுணுக்கமான கம்ப்யூட்டரில் ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவைச் செருகினால், திருத்திய நேரம் 2 விநாடிக்கு ஒருமுறைதான் நகரும். ஒற்றைப்படை விநாடி என்பதே அதன் அகராதியில் இல்லை. 7-ஆம் விநாடியில் எழுதியது 6 என்றோ 8 என்றோதான் பதிவாகும். ஆகவே ஒரே டெஸ்ட் ஒரு நேரம் பாஸ், ஒரு நேரம் ஃபெயில். "விநாடியைப் பொறுத்தது" என்று மீட்டிங்கில் சொல்லிப் பாருங்கள், எல்லோரும் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

அளவிலும் இதே கதைதான். காலி டைரக்டரியின் அளவு லினக்ஸின் எக்ஸ்ட்4-இல் வழக்கமாக 4096 பைட், விண்டோஸில் 0. எந்த ஃபைலை ஓட்டலாம் என்பதை விண்டோஸ் ஸ்டாட் பெயரின் வாலைப் பார்த்தே முடிவு செய்கிறது. பலசரக்குச் சீட்டை எழுதி 'பேட்' என்று வால் ஒட்டினாலும், ஓடக்கூடிய ஃபைல் என்று சான்றிதழ் கொடுத்துவிடும்.

லினக்ஸ் மட்டும் யோக்கியமா? யாருமே படிக்கக் கூடாது என்று ஒரு ஃபைலின் பெர்மிஷனை முழுக்கப் பிடுங்கிவிட்டு, படிக்க முடியவில்லைதானே என்று சோதித்தேன். என் மடிக்கணினியில் பாஸ். டாக்கர் கன்டெய்னரில் ஜம்மென்று திறந்தது. அங்கே டெஸ்ட் ரூட்டாக, அதாவது சர்வ அதிகாரமும் உள்ள பயனராக, ஓடிக்கொண்டிருந்தது. ரூட்டுக்கு ஏது பூட்டு?

எல்லாவற்றுக்கும் எங்கள் துறையில் ஒரே சர்வரோக நிவாரணி: ஸ்கிப். 'விண்டோஸா, விட்டுவிடு. ரூட்டா, விட்டுவிடு. பென் டிரைவா, கேட்கவே கேட்காதே.' இப்படி எழுதி எழுதி, டெஸ்டைவிட விதிவிலக்குகள் நீளமாகிவிட்டன. ரிப்போர்ட் என்னவோ பச்சைப்பசேல் என்று இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். தமிழ்ப் பெயருள்ள ஃபைலையும் பார்த்துவிடுவோமே என்று 'கொசு' என்று ஒன்றை உருவாக்கினேன். நம் கீபோர்டு 'கொ'வின் துணைக்குறியை ஒரே குறியீடாகத் தரும். பழைய மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் அதை ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று பிய்த்துத்தான் சேமிக்கும். 12 பைட் கொசு 15 பைட் ஆகிவிடுகிறது. திரையில் இரண்டும் அச்சு அசல் ஒன்றே. மேக்கில் 2017-இல் வந்த ஏபிஎஃப்எஸ், கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்கிறது. இரண்டு எழுத்துமுறையும் ஒரே ஃபைல் என்றும் புரிந்துகொள்கிறது. லினக்ஸுக்கு அந்தப் பஞ்சாயத்தே இல்லை. பைட் வேறென்றால் ஃபைல் வேறு. பழைய மேக்கிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து போட்டதும், ஒரே ஃபோல்டரில் இரண்டு கொசு.

டீம் லீட் திரையைக் குனிந்து பார்த்தார்.

"டூப்ளிகேட்டா இருக்கே. ஒண்ணை டெலீட் பண்ணிடுங்க."

"எதை?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

"இதையும் ஸ்கிப் பண்ணிடலாமே" என்றார்.